பழவேற்காடு ஏரிக்கு சைக்கிள்ல போறவங்களுக்கு

சென்னைல இருந்து கிளம்புறீங்கன்னா விடியறதுக்கு முன்னாடியே கிளம்பிடுங்க, மீஞ்சூர் வரைக்கும் துறைமுகத்துக்குப் போற கன்டெய்னர் லாரி தொல்லை, அதைத் தாண்டி பொன்னேரி போய்ட்டா அப்புறம் நிம்மதி. பொன்னேரில இருந்து பழவேற்காடு வரைக்கும் சமதரை, ஏத்தமே கிடையாது, ஆனா காத்து இருக்கு பாருங்க அதுதான் இங்க மலை! மதியத்துக்கு மேல கடல்காத்து தென்கிழக்குல இருந்து அடிக்கும், திரும்பி தெற்க வரும்போது நேரா மூஞ்சில, அதனால காலையிலயே சுத்திப் பாத்துட்டு கிளம்பிடணும்.

ஊருக்குள்ள டச்சுக் கல்லறைய விட்றாதீங்க, வாசல்லயே ரெண்டு எலும்புக்கூடு சிலை நிக்கும். 1613ல கட்டின ஜெல்ட்ரியா கோட்டைல இப்ப பெருசா ஒண்ணும் மிச்சம் இல்ல, எதிர்பார்த்துப் போகாதீங்க. பாலம் ஏறி லைட்ஹவுஸ் பக்கம் போனா ஒரு பக்கம் ஏரி, அந்தாண்ட கடல்.

பூநாரை பாக்கணும்னா குளிர்காலத்துல சூளூர்பேட்டை போயி அங்கேருந்து ஸ்ரீஹரிகோட்டா ரோட்டப் பிடிங்க, ஏரிக்கு நடுவுலயே போகும், நிழல்னு ஒண்ணும் இருக்காது, ராக்கெட் தளம் கேட்டோட திரும்பிடணும். தண்ணி ரெண்டு பாட்டில். வீட்டுக்கு வந்ததும் செயினைக் கழுவித் தொடச்சு எண்ணெய் விடுங்க, உப்புக்காத்து சும்மா விடாது.