கிரேட் பயிற்சி: கதவைச் சாத்த அவசரப்படாதீர்கள்

கிரேட் எனும் கம்பிக் கூண்டை வாங்கி வந்த அன்றே நாய்க்குட்டியை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினால், இரவெல்லாம் ஊளையிடும். சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் அந்தச் சத்தம் மேல்மாடிக்கும் கேட்கும். அக்கம்பக்கத்தார் புகார் செய்வார்களோ என்ற பயத்தில் உடனே திறந்துவிடுகிறோம். அழுதால் கதவு திறக்கும் என்று குட்டி கற்றுக்கொள்கிறது.

முதல் மூன்று நாள் கதவைத் தொடவே வேண்டாம். சாப்பாட்டுத் தட்டை முதலில் கிரேட்டின் வாசலிலும், அடுத்து நடுவிலும், பிறகு பின்கோடியிலும் வையுங்கள். நான்கு காலும் உள்ளே வைத்துத் தயங்காமல் சாப்பிட்டால், சாப்பிடும்போது மட்டும் சாத்தி, தட்டு காலியாகுமுன் திறந்துவிடுங்கள். அதன்பின் 10 விநாடி, 30 விநாடி, ஒரு நிமிடம், ஐந்து நிமிடம். முனகினால் நேரத்தை வேகமாகக் கூட்டிவிட்டீர்கள் என்று பொருள். சத்தம் ஓரிரு விநாடி நின்றதும் திறந்து, அடுத்த முறை பாதி நேரத்திலிருந்து தொடங்குங்கள். நடுராத்திரியில் தூங்கி எழுந்து முனகுவது வேறு. அது சிறுநீருக்காக இருக்கும். விளக்குப் போடாமல், கொஞ்சாமல் தூக்கிப்போய், முடித்ததும் திரும்ப உள்ளே விடுங்கள். மூன்று மாதக் குட்டியால் பகலில் மூன்று, நான்கு மணி நேரத்துக்கு மேல் அடக்க முடியாது. வேலைக்குப் போகிறவர்கள் கிரேட் கதவைத் திறந்துவைத்துச் சுற்றிலும் மடக்கு வேலி போடுவதே நியாயம்.

வளர்ந்த பிறகும் ஆகுமே என்று பெரிதாக வாங்கினால், ஒரு மூலையில் தூங்கி மறுமூலையில் சிறுநீர் கழிக்கும். நிற்க, திரும்ப, கால் நீட்டிப் படுக்க இடம் போதும். மீதியைத் தடுப்பு வைத்து அடையுங்கள்.

எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். தாழ்வாரத்தை ஒட்டிய வாசலருகே வைத்தால் ஒவ்வொரு காலடிச் சத்தத்துக்கும் குரைக்கும். பிற்பகல் வெயில் படும் ஜன்னலோரம் அதைவிட மோசம். நாய் மூச்சிரைத்துத்தான் உடல் சூட்டைத் தணிக்கிறது. நம் ஊர் ஈரக்காற்றில் அது சரியாக நடக்காது. பக், ஷிட்சூ போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு உயிருக்கே ஆபத்து. நான்கு பக்கமும் போர்வையால் மூடாமல், மின்விசிறிக் காற்று உள்ளே போக வழி விடுங்கள்.

உள்ளே விடுமுன் கழுத்துப்பட்டையைக் கழற்றுங்கள். அதன் வளையம் கம்பியில் மாட்டினால் கழுத்து இறுகிவிடும்.

எச்சில் ஒழுக நடுங்குவது, பல் உடையக் கம்பியைக் கடிப்பது, நகத்தில் ரத்தம் வரப் பிறாண்டுவது பிடிவாதம் அல்ல, பீதி. அப்படிப்பட்ட நாயைக் கிரேட்டில் அடைக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.