பள்ளங்கிக்கு முன் பழனி வர

போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் தமிழ்ப் பெயர்களை அகரவரிசையில் அடுக்கும்போது, வரிசைப்படுத்தும் 'ஆர்டர் பை' கட்டளையில் பெயருக்கு அடுத்து கொலேட் "டிஏ-எக்ஸ்-ஐசியூ" (COLLATE "ta-x-icu") என்று, இரட்டை மேற்கோளோடு, சேர்த்துவிடுங்கள்.

டேட்டாபேஸ் 'சி' என்ற கொலேஷனில் (எழுத்துகளை அடுக்கும் விதி) இருந்தால், ஒவ்வொரு எழுத்துக்கும் கணினியில் உள்ள யூனிகோட் எண்படிதான் அடுக்கும். அந்த எண்களில் ள-வுக்குப் பின்தான் ழ. ன-வோ ந-வை ஒட்டி நிற்கிறது. அதனால் கொடைக்கானல் பக்கத்து ஊர்ப் பட்டியலில் பள்ளங்கி முந்தும், பழனி பிந்தும். நம் அகரவரிசையில் நேர்மாறு. புள்ளி எழுத்தும் இப்படித்தான் சொதப்பும்: 'பகல்' முதலில் வந்து 'பக்கம்' பின்னால் போகும்.

பெயர்கள் ஆங்கில எழுத்தில் இருந்தால் இதனால் பயனில்லை. பட்டியல் பெரிதென்றால் இன்டெக்ஸையும் (வேகமாகத் தேடவும் அடுக்கவும் உதவும் அட்டவணை) இதே கொலேஷனில் போடுங்கள். வேறு கொலேஷனில் உள்ள இன்டெக்ஸ் இந்த வரிசைக்கு உதவாது. ஐசியூ என்ற மொழி லைப்ரரியைச் சேர்க்காமல் நிறுவிய போஸ்ட்கிரெஸில் இந்தக் கொலேஷனே இருக்காது.