டார்த் வேடரை மன்னிக்கும் முன்

வடசேரி பேருந்து நிலையத்தின் பக்கத்தில் சாயா குடித்துக்கொண்டிருந்தபோது அக்காள் மகன் கேட்டான்: "மாமா, வேடர் கடைசியில நல்லவன் ஆயிட்டானா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

"ஒரே வார்த்தையில கேக்கதுதான் மக்கா முதல் தப்பு" என்றேன். அவன் ரசவடையை எடுத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். அன்று அவனுக்குச் சொல்ல வராததை இங்கே எழுதுகிறேன். வேடர் என்பவர் ஸ்டார் வார்ஸ் விண்வெளிப் படங்களில் பேரரசின் பக்கம் நிற்கும் கறுப்புக் கவச வில்லன். அந்தப் படங்களைப் பார்க்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், கதை முழுக்க வெளியே வந்துவிடும்.

வேடர் ஆவதற்கு முன் அவருக்குப் பெயர் அனகின், ஜெடாய் என்ற வாள்வீரர் கூட்டத்தைச் சேர்ந்தவர். பலரும் செய்கிற தவறு, அனகின் வேறு ஆள், வேடர் வேறு ஆள் என்று பிரித்துப் பேசுவது. இதைத் தொடங்கி வைத்தவரே ஒரு நல்லவர்தான். 1977இல் வந்த முதல் படத்தில், உன் அப்பாவைக் கொன்றவன் வேடர் என்று நாயகன் லூக்கிடம் பழைய ஜெடாய் ஓபி-வான் சொல்கிறார். 1980 படத்தில் வேடர்தான் அப்பா என்று தெரிகிறது. 1983இல் லூக் நேருக்கு நேர் கேட்கும்போது, ஒரு கோணத்தில் பார்த்தால் தான் சொன்னது உண்மைதான் என்று பெரியவர் சமாளிக்கிறார். நம் ஊரில் இதற்குப் பெயர் பொய். ஜெடாய் சொன்னார் என்பதற்காக நாமும் அதை நம்பிக்கொண்டு, கெட்டதெல்லாம் வேடர் கணக்கு, நல்லதெல்லாம் அனகின் கணக்கு என்று இரண்டு பேரேடு எழுதுகிறோம். படம் எடுத்தவர்களே இதில் வழுக்கியிருக்கிறார்கள் என்பது என் எண்ணம். 1983 படத்தின் முடிவில் ஆவியாகத் தெரிந்தது செபாஸ்டியன் ஷாவின் வயதான முகம். 2004 டிவிடியில் அதை எடுத்துவிட்டு ஹேடன் கிறிஸ்டென்சனின் இளமுகத்தை வைத்தார்கள். இடையில் கழிந்த இருபது சொச்சம் வருடங்களை அந்த முகம் வாழவே இல்லை என்பது போல ஆகிவிட்டது.

அடுத்தது, காரணம் தெரிந்ததும் அதையே நியாயமாக எடுத்துக்கொள்வது. 2002 படத்தில் அனகினின் தாய் டஸ்கன் என்ற பாலைவனக் கூட்டத்தாரிடம் சிக்கி, அவன் கையிலேயே உயிர்விடுகிறாள். அவன் அந்தக் குடியிருப்பு முழுவதையும் வெட்டித் தள்ளுகிறான். பெண்களையும் குழந்தைகளையும் கூட விடவில்லை என்று தான் காதலிக்கும் பத்மேயிடம் அவனே அழுதுகொண்டு சொல்கிறான். 2005 படத்தில் பிரசவத்தில் பத்மே இறப்பதாகக் கனவு வருகிறது. அவளைக் காப்பாற்ற வழி இருக்கிறது என்று பின்னால் பேரரசராகும் பல்படீன் ஆசை காட்ட, அவன் பக்கம் சாய்ந்து, ஜெடாய் கோயிலில் இருந்த சின்னஞ்சிறு பிள்ளைகளைக் கொல்கிறான். தாயை இழந்த வலி உண்மை, கனவின் பயமும் உண்மை. ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கும் இந்த இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இது புதுக் கதை இல்லை. ஆரல்வாய்மொழிப் பக்கம் முப்பந்தல் இசக்கியம்மனைக் கும்பிடாமல் அந்த வழி போகிறவர்கள் குறைவு. அவள் கதையான நீலி கதையை வில்லுப்பாட்டில் கேட்டவர்களுக்குத் தெரியும், நகைக்காகக் கள்ளிக்காட்டில் கொல்லப்பட்டவள் பழிவாங்க மறுபிறவி எடுத்து வருகிறாள். கொன்றவன் மட்டும் சாவதில்லை; அவன் உயிருக்குப் பொறுப்பேற்று வாக்குக் கொடுத்த எழுபது வேளாளரும் வாக்கைக் காக்க உயிரை விடுகிறார்கள். அவளுக்காக அழுகிற அதே மனசுதான் அந்த எழுபது பேருக்காகவும் கனக்கிறது. அவர்கள் சாக வேண்டியவர்கள்தான் என்று எந்தப் பாட்டியும் எனக்குக் கதை சொன்னதில்லை. பொங்கல் வைக்கிற கையில் பக்தி எவ்வளவோ அவ்வளவு பயமும் உண்டு. வேடரையும் அப்படிப் பார்க்க முடியாதா என்ன?

"எல்லாரும் சாம்பல் நிறம்தான், ஜெடாயும் சரி, பேரரசும் சரி, ரெண்டும் ஒண்ணுதான்" என்று சிலர் அலுப்பாகச் சொல்வார்கள். கேட்க விவரமானவர்கள் மாதிரி இருக்கும். ஜெடாய் செய்தவை கொஞ்சநஞ்சம் இல்லை என்பது சரிதான். குழந்தைகளைச் சிறுவயதிலேயே வீட்டைவிட்டுப் பிரித்துக் கொண்டுபோகிறார்கள். போருக்கென்றே உருவாக்கப்பட்ட நகல் வீரர்களின் படையை, அவர்கள் விருப்பம் கேட்காமலே நடத்துகிறார்கள். 2005 படத்தில் ஆயுதம் இழந்து கிடக்கும் பல்படீனை விசாரணையே இல்லாமல் வெட்ட மேஸ் விண்டு வாளை ஓங்குகிறார். அதே படத்தின் தொடக்கத்தில், இரண்டு கையும் போன எதிரி டூக்குவை அனகின் கொன்றதற்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை. எல்லாம் சரி. ஆனால் ஆயுதத்தின் பலத்தைக் காட்ட ஆல்டரான் என்ற கிரகத்தையே மக்களோடு பொடியாக்கியது யார்? ஒரே தராசில் வைக்கலாம், எடை ஒன்றாகிவிடாது.

கட்சி மாறியவனெல்லாம் மனம் மாறியவன் என்று நினைப்பதும் உண்டு. தக்கலைப் பக்கம் உதயகிரிக் கோட்டைக்குப் போனால் டிலனாயின் கல்லறையைப் பார்க்கலாம். டச்சுக் கம்பெனிக்காகச் சண்டை போட வந்து, 1741 குளச்சல் போரில் பிடிபட்டவர். அப்புறம் மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே பயிற்சி கொடுத்துத் தளபதியானார், 1777இல் இறக்கும்வரை திருவிதாங்கூர் பக்கமே இருந்தார். பக்கம் மாறினார், அதனால் நல்லவரானார் என்றோ கெட்டவரானார் என்றோ அந்தக் கல்லறை முன் நின்று யாரும் யோசிப்பதில்லை. லாண்டோவையும் ஃபின்னையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். லாண்டோ, வேடரின் படை தன் நகரத்தில் வந்து நின்ற நெருக்கடியில் நண்பனைக் காட்டிக்கொடுத்து, பிறகு பேசிவைத்ததை வேடர் மீறிக்கொண்டே போவதைக் கண்டு திரும்புகிறான். எதிரிப் படையில் சிப்பாயாக இருந்த ஃபின் அப்படி இல்லை. கிராமத்தாரைச் சுட மாட்டேன் என்று கை நின்றுபோகிறது முதலில், பக்கம் மாறுவது அதற்குப் பிறகுதான். வேடரோ புரட்சிப் படையில் சேரவே இல்லை. மகன் கண்முன் சாகப்போகிறான் என்றபோது பேரரசரைத் தூக்கி எறிந்தார், அவ்வளவுதான். செத்தவர்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. உயிர் போகும் நேரத்திலும், தன்னைப் பற்றி லூக் நினைத்தது சரிதான் என்று அவன் தங்கை லேயாவிடம் சொல்லச் சொல்கிறார்.

நாயகர்களைக் கழுவித் துடைத்து வைப்பது இன்னொரு வம்பு. 1977இல் கடத்தல்காரன் ஹான் சோலோ மேசைக்கு அடியில் துப்பாக்கியை எடுத்து தன்னைப் பிடிக்க வந்த கிரீடோவை முந்திக்கொண்டு சுட்டான். 1997 மறுபதிப்பில் கிரீடோ முதலில் சுடுவது போல மாற்றினார்கள். சுயநலக்காரனாக இருந்தவன் நண்பனுக்காகத் திரும்பி வருவதில்தான் சுவையே இருக்கிறது. தொடக்கத்திலேயே அவனை யோக்கியனாக்கிவிட்டால் திரும்பி வருவதற்கு என்ன மதிப்பு? 2017 படத்தில் தூங்கும் மருமகன் மேல் லூக் ஒரு கணம் வாளை எடுத்ததும், "எங்க லூக் அப்படிச் செய்ய மாட்டான்" என்று ரசிகர்கள் கொதித்தார்கள். 1983இல் தங்கையின் பெயரை இழுத்ததும் வெறிபிடித்து அப்பாவின் கையை வெட்டியவனும் அதே லூக்தானே. அன்றும் தன் இயந்திரக் கையைப் பார்த்த பிறகுதான் நின்றான்.

அன்று சாயாக் கடையில் அவன் விடாமல் கேட்டபோது நான் சொன்னது ஒன்றே ஒன்று. 1983 படத்தின் கடைசியை இன்னொரு தரம் போட்டுப் பார். வேடரின் கவசம் எரிகிறது, சிதைக்கு முன் நிற்பது லூக் ஒருவன்தான். லேயாவும் அவருக்கு மகள், அது அவளுக்கும் தெரிந்துவிட்டது. அவளைச் சிறையில் வைத்து வதைத்தவர் அவர். அவள் ஊர் வெடித்துச் சிதறியபோது பின்னால் நின்று பிடித்துக்கொண்டிருந்தவரும் அவர். அந்த ராத்திரி அவள் மரவீடுகளுக்கு நடுவே ஹானோடும் மற்றவர்களோடும் இருக்கிறாள்.

"அவ ஏன் வரல்லன்னு படத்துல யாரும் கேக்கலியே மாமா" என்றான்.

"லூக்கும் கேக்கல்ல" என்றேன்.