கவார்த்தா ஏரிக்கரையில் ஆர்வி முகாம்: இடம் பிடிப்பது முதல் தொட்டி காலி செய்வது வரை

ஆர்வி என்றால் உள்ளேயே தங்கும் வசதியுள்ள மோட்டார் ஹோம், அல்லது காரின் பின்னால் இழுக்கும் ட்ரெய்லர். கனடாவின் ஒன்டாரியோ மாகாணப் பூங்காக்களில் முன்பதிவு, போய் இறங்கும் நாளுக்குச் சரியாக ஐந்து மாதம் முன்பு காலை 7 மணிக்குத் திறக்கும். ஜூலை 18 போக வேண்டுமானால் பெப்ரவரி 18 காலை ஏழுக்கு முன்பே கணக்கில் உள்நுழைந்து தயாராக இருங்கள். மின்சாரம் உள்ள, தண்ணீருக்குக் கிட்டிய இடங்கள் கோடை வார இறுதிகளுக்குச் சில நிமிடங்களில் போய்விடும். கிடைக்காவிட்டால் அடிக்கடி போய்ப் பாருங்கள், ரத்தாகும் இடங்கள் திரும்பி வரும். இல்லாவிட்டால் திங்கள் முதல் வியாழன் வரை போங்கள். அதுதான் அமைதியும்கூட.

முதல் பயணத்துக்கு கவார்த்தா பகுதியில் உள்ள பால்சம் லேக் பூங்கா நல்ல தேர்வு. டொராண்டோவிலிருந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம். மணல் கரை, ஆழம் மெல்ல மெல்லக் கூடும், சிறு பிள்ளைகளுக்கு ஏற்றது. ஒமீமீக்குப் பக்கத்தில் உள்ள எமிலி பூங்காவும் அதே வகை. அல்கான்குவின் பூங்காவும் அழகுதான். ஆனால் நெடுஞ்சாலை 60-இல் பல இடங்களில் போன் எடுக்காது, ஒரு சாமான் மறந்தால் கடைக்கு நெடுந்தூரம். அதை இரண்டாம் பயணத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஓர் இடத்தில் ஆறு பேர், ஓர் ஆர்வி. இது கண்டிப்பான விதி. "எல்லாரும் ஒரே இடத்தில் சமாளிக்கலாம்" என்ற நம் வழக்கமான கணக்கு இங்கே செல்லாது. இரண்டு குடும்பம் என்றால் பக்கத்துப் பக்கத்து இடமாக இரண்டை ஒரே நேரத்தில் இருவர் பதிவு செய்ய வேண்டும். பகலில் வந்து போகும் உறவினர்களும் தங்கள் வாகனத்துக்குத் தனி அனுமதி எடுக்க வேண்டும். இரவு பத்துக்கு மேல் சத்தம் கூடாது.

இடம் தேர்வில் நீளத்தைப் பாருங்கள். விளம்பரத்தில் 24 அடி என்று சொல்லும் ட்ரெய்லர், முன்னால் நீட்டியிருக்கும் கொக்கியோடு 27 அடிக்கு மேல் வரலாம். பின்னோக்கி விடும் இடம் என்றால் ஓட்டுநர் பக்கம், அதாவது இடது பக்கம், அமைந்த இடம் சுலபம். வண்டி மடங்கும் கோணம் உங்கள் கண்ணாடியில் தெரியும். வலது பக்கம் என்றால் கண்மூடி விடுவதுதான்.

கார் ஓட்டும் சாதாரண ஜி லைசென்ஸில் 11,000 கிலோ வரை மோட்டார் ஹோம் ஓட்டலாம், 4,600 கிலோ வரை ட்ரெய்லர் இழுக்கலாம். சட்டம் விடுகிறது என்பதற்காக உங்கள் எஸ்யூவி இழுத்துவிடாது, வண்டியின் கையேட்டில் உள்ள எடைதான் முடிவு. ட்ரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இறங்க வேண்டும். அரிசி மூட்டையும் கூலரும் பின்பக்கம் ஏற்றினால் முன்பக்கம் இலேசாகி, நெடுஞ்சாலையில் ட்ரெய்லர் பாம்புபோல் நெளியும். பாரத்தை அச்சுக்கு மேலும் சற்று முன்னாலும் வையுங்கள். ஓடும்போது ட்ரெய்லருக்குள் ஆள் இருப்பது சட்டவிரோதம், பாட்டி படுக்க வேண்டும் என்றாலும்.

இனி மின்சாரம். பெரும்பாலான சண்டை இங்கேதான் வரும். 30 ஆம்ப் இணைப்பு என்றால் 120 வோல்ட்டில் மொத்தம் 3,600 வாட். கூரை ஏசி 1,500 வாட் அளவில் எடுக்கும், கெட்டில் இன்னொரு 1,500. பிரிட்ஜும் பேட்டரி சார்ஜரும் சில நூறு. இதற்கு மேல் மைக்ரோவேவ் போட்டால் பிரேக்கர் விழும். 15 ஆம்ப் என்றால் 1,800 வாட்தான், ஏசி ஓடும்போது தேநீர் கிடையாது. வீட்டு மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரை நடுவில் போடாதீர்கள். முனை சூடாகி உருகும், மின்னழுத்தம் இறங்கி ஏசி கம்ப்ரஸர் கெடும். 30 ஆம்புக்கு உரிய தடித்த நீட்டிப்பு வயர் ஒன்று 25 அடியில் இருக்கட்டும். செருகும் முன்பும் கழற்றும் முன்பும் இடத்து மின்கம்பத்தில் உள்ள பிரேக்கரை அணையுங்கள்.

தண்ணீர்க் குழாயும் கழிவுக் குழாயும் இங்கே பெரும்பாலும் இடத்தில் இருக்காது. உள்ளே வரும்போதே பொது நிரப்பு நிலையத்தில் நல்ல தண்ணீர் தொட்டியை நிரப்பிக்கொள்ளுங்கள். குடிநீருக்கான தனி ஹோஸ் வேண்டும். கழிவுத் தொட்டியைக் காலி செய்யும் கழிவு நிலையத்தில் கழுவ வைத்திருக்கும் ஹோஸைத் தொடவே வேண்டாம்.

கழிவுத் தொட்டி இரண்டு. கழிவறைக்குக் கறுப்பு, சிங்க் மற்றும் குளியலுக்குச் சாம்பல். கறுப்புத் தொட்டி 120 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். நம் வீட்டுப் பழக்கப்படி தண்ணீரால் கழுவினால் ஒரு தடவைக்கு ஃப்ளஷோடு சேர்த்து இரண்டு லிட்டர் போகும். நாலு பேர், நாளுக்கு ஐந்து தடவை, 40 லிட்டர். மூன்றாம் நாள் தொட்டி முட்டும். பகலில் பூங்காவின் பொதுக் கழிவறையையும் குளியலறையையும் பாவித்து, ஆர்வி கழிவறையை இரவுக்கு மட்டும் வைத்தால் வாரம்கூட ஓடும். நம் பழக்கத்தில் ஒரு நன்மையும் உண்டு. தண்ணீர் தாராளமாகப் போவதால் கழிவு குழாய்க்கடியில் குவிந்து இறுகுவதில்லை. ஈரத் துடைப்பான் எதையும் போடாதீர்கள்.

சிங்க்கில் சோற்றுப் பருக்கையும் கறி எண்ணெயும் போனால் சாம்பல் தொட்டி இரண்டே நாளில் நாறும். தட்டைக் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள். மீன் பொரிப்பதை வெளியில் புரோபேன் அடுப்பில் வையுங்கள், உள்ளே என்றால் மெத்தை வரை மணக்கும். புரோபேன் அடுப்பையோ கரி அடுப்பையோ குளிர்காய ஆர்விக்கோ கூடாரத்துக்கோ உள்ளே கொண்டுபோகவே கூடாது. கார்பன் மோனாக்சைடு மணக்காது, ஆளைக் கொல்லும்.

சமைத்த பின் மேசையில் ஒன்றும் மிஞ்சக்கூடாது. கூலர், எண்ணெய்ப் போத்தல், பாத்திரம் கழுவும் சோப்பு, குப்பைப் பை, அடுப்பு எல்லாம் வாகனத்துக்குள். கரடி வராத இடத்திலும் ரக்கூன் வரும், அது கூலர் மூடியைத் திறக்கும். விறகை வீட்டிலிருந்து கொண்டுபோகாதீர்கள். மரங்களைக் கொல்லும் பூச்சிகள் அதில் ஒளிந்து பயணம் செய்யும். பூங்காவிலேயே வாங்கலாம். நெருப்புத் தடை உள்ளதா என்று புறப்படும் அன்று பாருங்கள்.

மே நடுவிலிருந்து ஜூன் கடைசி வரை கறுப்பு ஈயும் கொசுவும் மோசம். பிள்ளைகளோடு என்றால் ஜூலை கடைசி, ஆகஸ்ட் நல்லது. இரவு பத்து டிகிரிக்கு இறங்கலாம், போர்வை கூடுதலாக எடுங்கள். புல்லில் நடந்து வந்தால் முழங்கால் பின்பக்கம், இடுப்பு, தலைமுடி ஓரம் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். ஏரிக்கரைகளில் உயிர்காப்பாளர் இல்லை. பிள்ளைகளுக்கு அளவான லைஃப் ஜாக்கெட் வேண்டும். காற்றடைத்த மிதவையைக் கரையிலிருந்து ஏரிக்குள் காற்று வீசும்போது இறக்காதீர்கள். மீன் பிடிக்க 18 முதல் 64 வயதுவரை உள்ளவர்களுக்கு லைசென்ஸ் தேவை.

இறங்கியதும் வரிசை மாறக்கூடாது. முதலில் சக்கரத்தின் கீழ் பலகை வைத்து இடவலம் சமன்செய்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, அதன் பிறகே காரைக் கழற்றி முன்பின் சமன்செய்யுங்கள். கட்டையில்லாமல் கழற்றினால் ட்ரெய்லர் தன்பாட்டுக்கு உருளும். சாய்ந்து நின்றால் கேஸில் ஓடும் பிரிட்ஜ் குளிராது.

திரும்பும் நாள் வெளியேறும் நேரம் பிற்பகல் 2 மணி. ஞாயிறு மதியம் கழிவு நிலையத்தில் ஒரு மணி நேரம் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும், காலை பத்துக்குள் போய்விடுங்கள். கையுறை போட்டு, இரு வால்வும் மூடியிருப்பதைப் பார்த்த பிறகே மூடியைக் கழற்றுங்கள். குழாயை மாட்டி, மறுமுனை துளையை விட்டு எழும்பாதபடி பாரம் வையுங்கள். கறுப்பு முதலில், முழுவதும் போனதும் மூடி, ஒரு வாளி தண்ணீர் கழிவறை வழியே விட்டு மறுபடி திறவுங்கள். சாம்பல் கடைசியில், அந்தச் சோப்புத் தண்ணீர்தான் குழாயைக் கழுவும். முடிந்ததும் கறுப்புத் தொட்டிக்குள் ஐந்து லிட்டர் தண்ணீர் விட்டு, கழிவுத் தொட்டிக்கான மருந்தைப் போட்டு மூடுங்கள். வறண்ட தொட்டி வெயிலில் கிடந்தால் அடுத்த பயணத்தில் அளவுகாட்டி பொய் சொல்லும்.