தியரி கட்டுவோர் கவனத்திற்கு

முதலில் ஓர் எச்சரிக்கை. லாஸ்ட், வெஸ்ட்வேர்ல்ட், டார்க், செவரன்ஸ், ட்வின் பீக்ஸ் ஆகிய மர்மத் தொடர்களின் முடிச்சுகளை அவிழ்த்துப் போட்டுத்தான் இதை எழுதுகிறேன். தொடரில் ஒளிந்திருக்கும் விடையை முன்கூட்டியே ஊகிப்பது, அதாவது தியரி கட்டுவது, எப்படி என்பதுதான் விஷயம். பார்க்கிற எண்ணம் இருந்தால் பார்த்துவிட்டு வாருங்கள். அப்புறம் என்னைத் திட்டக் கூடாது.

நான் ஈரோட்டில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள். அடுத்தவர் எழுதிய கணக்கில் எது இடிக்கிறது என்று பகலெல்லாம் தேடுகிற பிழைப்பு. ராத்திரி மர்மத் தொடர் ஓடும்போதும் அந்தப் புத்தி அடங்குவதில்லை. என் தம்பி வேறு ரகம். முதல் எபிசோட் முடியும் முன்பே வில்லன் யாரென்று சொல்லிவிடுவான். அடுத்த வாரம் இன்னொரு ஆளைச் சொல்வான். சீசன் முடிவதற்குள் நடித்த எல்லோரையும் ஒரு சுற்றுச் சொல்லி முடித்து, கடைசியில் "நான் அப்பவே சொன்னனல்லக்கா" என்பான். அதை ஆரூடம் என்று வேண்டுமானால் சொல்லலாம். தியரி என்றால், அது எங்கே தோற்கும் என்பதும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

எங்கே ஆரம்பிப்பது? 'யார்' என்ற கேள்வியை ஒதுக்கி வைத்துவிட்டு 'எப்போது' என்பதைப் பிடியுங்கள். எங்கள் அம்மா இந்தத் தொடர்களை உட்கார்ந்து பார்ப்பதே இல்லை. குறுக்கே போகும்போது திரையைப் பார்த்து, "இது முந்தி நடந்ததா, பொறகு நடந்ததா?" என்று மட்டும் கேட்பார். கேட்கும்போது எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் பெரிய ட்விஸ்ட்கள் பலவும் அந்தக் கேள்வியில்தான் உடைகின்றன.

லாஸ்டை எடுத்துக்கொள்வோம். 2004 செப்டம்பரில் ஏபிசி சேனலில் தொடங்கிய தொடர். சிட்னியிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் கிளம்பிய விமானம் ஒரு தீவில் விழுகிறது. தீவில் கொஞ்ச நேரம், தப்பிப் பிழைத்த ஒருவரின் பழைய வாழ்க்கை கொஞ்ச நேரம் என்று மூன்று சீசன் நம்மைப் பழக்கினார்கள். 2007 மே மாதம் மூன்றாம் சீசனின் கடைசி எபிசோட். தப்பிப் பிழைத்தவர்களில் ஒருவனான டாக்டர் ஜாக் தாடி வளர்த்து, மாத்திரைக்கு அடிமையாகி, பாலத்திலிருந்து குதிக்கப் போகிறான். வழக்கம்போல் பழைய கதைதான் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசிக் காட்சியில் விமான நிலையம் அருகே காரிலிருந்து கேட் என்ற பெண் இறங்குகிறாள், அவளும் அந்த விமானத்தில் தப்பிப் பிழைத்தவள். இருவரும் சந்தித்ததே தீவில்தான். அப்படியென்றால் நாம் பார்த்தது தீவுக்குப் பிந்தைய வாழ்க்கை.

முன்பே கண்டுபிடித்திருக்க முடியுமா? முடியும். ஜாக் கையில் இருப்பது மோட்டோரோலா ரேசர் போன். கதைப்படி விமானம் விழுந்தது 2004 செப்டம்பரில். அந்த போன் ஊரெல்லாம் பரவியது அதற்குப் பிறகு. அவன் போகிற இறுதிச் சடங்கு நிலையத்தின் பெயர் 'ஹாஃப்ஸ் டிராலர்'. ஆங்கிலத்தில் அந்த எழுத்துகளை மாற்றி அடுக்கினால் 'ஃப்ளாஷ் ஃபார்வர்ட்' வரும். இவற்றுக்கு எதிர்ச் சாட்சியும் அதே எபிசோடில் உண்டு. மருத்துவமனையில் ஜாக், "என் அப்பாவைக் கூப்பிடுங்கள்" என்று கத்துகிறான். விபத்துக்கு முன்பே அப்பா இறந்துவிட்டார். அவர் உயிரோடு இருந்தால் இது பழைய கதைதானே? கத்துகிறவன் போதையில் இருக்கிறான் என்பதை அங்கே கவனிக்க வேண்டும். போதையில் இருப்பவன் வாயில் என்னவும் வரும். கையில் இருக்கும் போன் அப்படிப் பிதற்றாது.

இதிலிருந்துதான், துப்புகளை எழுதி வைக்கும் என் நோட்டில் பக்கத்தை நெட்டாகப் பிரித்து மூன்று பத்தி வந்தது. கண்ணால் பார்த்தது ஒன்று, கதாபாத்திரம் வாயால் சொன்னது ஒன்று, என் ஊகம் ஒன்று. எபிசோட் எண்ணை ஓரத்தில் குறித்துவிடுங்கள். இரண்டாம் பத்தியில் இருப்பதை முதல் பத்திக்கு மாற்றும் ஆசை வரும். ஆதாரம் திரையில் வரும்வரை மாற்றாதீர்கள்.

வெஸ்ட்வேர்ல்ட் முதல் சீசன் 2016-இல் வந்தபோது இந்த முறை நன்றாக வேலை செய்தது. ரோபோக்கள் நிரம்பிய பொழுதுபோக்குப் பூங்கா. வில்லியம் என்ற சாதுவான இளைஞன் முதல்முறை வருகிறான். இன்னொரு பக்கம் கறுப்பு உடையில் ஒரு கொடூரக் கிழவர் திரிகிறார். இருவரும் ஒரே ஆள், இடையில் முப்பது ஆண்டு என்ற தியரி சீசனின் தொடக்கத்திலேயே கிளம்பிவிட்டது. காரணம், வில்லியம் வந்திறங்கும் இடத்தில் இருக்கும் பூங்கா முத்திரையும் கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் முத்திரையும் வேறு வேறு. ரோபோவுக்கு வயதாகாது என்பதால், டொலோரஸ் என்ற ரோபோப் பெண் எல்லாக் காட்சியிலும் அதே முகத்தோடு வந்து நம்மை ஏமாற்ற முடிந்தது. முதல் எபிசோடில் அவளுடைய அப்பா மண்ணுக்குள்ளிருந்து ஒரு நைந்த புகைப்படத்தை எடுப்பார். நகரத் தெருவில் நிற்கும் ஒரு பெண்ணின் படம். பின்னர் வில்லியமிடம் அவனோடு பூங்காவுக்கு வந்த லோகன் காட்டுவதும் அதே படம்தான், வில்லியம் கட்டிக்கொள்ளப் போகும் பெண்ணுடையது. புதுப் படம் மண்ணில் புதைந்து நைந்துபோக எத்தனை வருஷம் ஆகும்? கேள்வி அங்கேயே முடிந்தது.

இந்த இடத்தில் தம்பி எப்போதும் சண்டைக்கு வருவான். "அதெல்லாம் ஆர்ட் டைரக்டர் தெரியாம வச்சிருப்பாருக்கா." நியாயமான சந்தேகம். அதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் சின்னது. ஒரு பொருள் ஒருமுறை வந்தால் விட்டுவிடுவேன். இரண்டாம் முறை வந்து, இரண்டு தடவையும் கேமரா அதன்மேல் நின்றால் நோட்டில் ஏறும். அந்தப் புகைப்படம் தேறும். சுவரில் தொங்கும் ஏதோ ஒரு ஓவியத்தை நிறுத்தி, பெரிதாக்கி, அதில் மண்டையோடு தெரிகிறது என்பதெல்லாம் தேறாது.

அடுத்து, எளிய கூட்டல் கழித்தல். டார்க் தொடரைப் பார்த்துத் தலை சுற்றுகிறது என்பவர்கள் வயதைக் கணக்குப் போடாதவர்கள். விண்டன் என்ற ஜெர்மன் ஊர். குகை வழியாக 33 ஆண்டு முன்னோ பின்னோ போகலாம். 1953, 1986, 2019. மிக்கல் என்ற 11 வயதுப் பையன் 2019-இல் காணாமல் போய் 1986-இல் வெளியே வருகிறான். திரும்ப வழியில்லாமல் அங்கேயே வளர்ந்தால் 2019-இல் அவனுக்கு நாற்பத்து மூன்று, நாற்பத்து நான்கு இருக்கும். சரி, அந்த ஊரில் அந்த வயதுள்ள ஆண்கள் யார் யார்? பட்டியல் போட்டுப் பார்த்தால், தொடரின் முதல் காட்சியில் தூக்கு மாட்டிக்கொண்ட மைக்கேல் அதில் வந்து நிற்பார், நாயகன் ஜோனாஸின் அப்பா. ஐந்தாவது எபிசோடில் தொடரே அதைச் சொல்கிறது. அதன்பின் எல்லோருக்கும் வம்சாவளி போட்டேயாக வேண்டும். ஒரு தாயும் மகளும் ஒருவருக்கொருவர் தாயாகவும் மகளாகவும் இருக்கிற குடும்பத்தை மனசுக்குள் வைத்துக்கொள்ள எனக்குத் தெம்பில்லை. பெரிய தாளாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி தியரியை எழுதும் விதம். "இன்னது உண்மையென்றால் இன்ன காட்சி வரவே கூடாது" என்று ஒரு வரியாவது அதில் இருக்க வேண்டும். வில்லியம்தான் கிழவர் என்றால் இருவரும் ஒரே காட்சியில் நேருக்கு நேர் நிற்கக் கூடாது. நின்றால் தியரி செத்தது. அவ்வளவு தெளிவாக எழுதிவிட்டால் ஒவ்வொரு வாரமும் நெஞ்சு படபடக்கப் பார்க்கலாம், அது ஒரு தனி சுகம். இதற்கு நேர்மாறாக, லாஸ்ட் தொடங்கியதிலிருந்தே "எல்லாரும் செத்துட்டாங்க, தீவு ஒரு ஆவியுலகம்" என்று ஒரு கட்சி இருந்தது. தொடரை உருவாக்கியவர்கள் ஆரம்பத்திலேயே இல்லை என்று மறுத்தும் கேட்கவில்லை. தீவில் பனிக்கரடியா, ஆவியுலகம். கரும்புகையா, ஆவியுலகம். நடந்த எதுவும் ஆவியுலகத்துக்குப் பொருந்தும், நடக்காததும் பொருந்தும். என் நோட்டில் அதற்கு இடமில்லை.

ஒரே துப்பு இரண்டு தியரிக்குப் பொருந்தினால் இன்னும் கஷ்டம், இன்னும் ருசி. 2025 ஜனவரியில் வந்த செவரன்ஸ் இரண்டாம் சீசனின் முதல் எபிசோட் நல்ல பயிற்சி. இந்தக் கதையில் அலுவலகத்துக்குள் இருக்கும் நினைவும் வெளியே இருக்கும் நினைவும் அறுவை செய்து பிரிக்கப்பட்டவை. ஒரே உடம்பில் இரண்டு ஆள். வெளியே தான் முதலாளி குடும்பத்துப் பெண் என்பதை, அங்கே வேலை பார்க்கும் ஹெல்லி பார்த்துவிட்டாள், நாமும் பார்த்தோம். ஆனால் நண்பர்களிடம் வந்து, சாதாரண வீடு, ராத்திரியில் தோட்ட வேலை செய்கிற ஒருவரைப் பார்த்தேன் என்று கதை விடுகிறாள். பொய் என்பதில் சந்தேகமில்லை. வெட்கத்தில் சொன்ன பொய்யா, அல்லது வந்திருப்பதே ஹெல்லி இல்லாமல் வெளியாள் ஹெலினாவா? அந்தப் பொய்யை எத்தனை முறை திருப்பிப் பார்த்தாலும் விடை கிடைக்காது. இரண்டு தியரியும் பிரிகிற இடத்துக்குப் போக வேண்டும்: வெட்கம்தான் காரணமென்றால், மற்ற விஷயங்களில் அவள் பழைய ஹெல்லியாக இருக்க வேண்டும். நான்காவது எபிசோடில் அவள் கூட வேலை பார்க்கும் இர்விங்கைக் குத்திப் பேசுகிறாள். ஹெல்லிக்கு அப்படிக் குரூரம் வராது என்று இர்விங் முடிவுகட்டுவதும் அதை வைத்துத்தான். திரையில் இருக்கும் ஆளே நம் முறையைக் கையாண்டதில் எனக்கு ஏக திருப்தி.

கதைக்கு வெளியேயும் ஒரு கண் இருக்கட்டும். லாஸ்டில் வால்ட் என்ற சிறுவனைச் சுற்றி எத்தனை மர்மம் கட்டினார்கள்! பிறகு அவன் கதையிலிருந்து மெல்ல ஒதுங்கினான். முதல் நான்கு சீசனின் தீவுக் கதை மொத்தமும் மூன்று மாதத்துக்குச் சற்று மேல்தான். நடித்த பையனோ வருஷத்துக்கு வருஷம் கிடுகிடுவென்று வளர்ந்துகொண்டிருந்தான். அதே தொடரில் எக்கோ என்ற பாத்திரம் செத்ததற்கு அந்த நடிகர் விலக விரும்பியதே காரணம். இன்னொரு பக்கம், நடிகர் மைக்கேல் எமர்சனைச் சில எபிசோடுக்குத்தான் கூப்பிட்டார்கள். பிடித்துப்போய், அவர் நடித்த பென் லைனஸ் தொடரின் நடுநாயகமானார். ட்வின் பீக்ஸ் கதை இன்னும் வேடிக்கை. ஃபிராங்க் சில்வா அரங்கப் பொருட்களை அடுக்குகிறவர். முதல் எபிசோடின் படப்பிடிப்பில் தற்செயலாகக் கண்ணாடியில் அவர் பிம்பம் விழுந்தது. இயக்குநர் டேவிட் லிஞ்ச் அதை அப்படியே வைத்துக்கொண்டார். கொலைக்குப் பின்னால் இருக்கும் பாப் என்ற தீய சக்தி அப்படித்தான் பிறந்தது. ஆகவே, எழுதியவருக்கு எல்லாம் முன்பே தெரியும் என்ற நம்பிக்கையில் தியரி கட்டாதீர்கள். ஒரு பாத்திரம் காணாமல் போனால் நடிகருக்கு என்ன ஆயிற்று என்று முதலில் விசாரியுங்கள்.

எண்களில் நேரத்தைக் கொட்ட வேண்டாம். லாஸ்டில் திரும்பத் திரும்ப வரும் எண்கள் 4, 8, 15, 16, 23, 42, கூட்டினால் 108, தீவின் நிலத்தடி அறையில் ஒரு பொத்தானை அழுத்த வேண்டியதும் 108 நிமிடத்துக்கு ஒருமுறை. இதை வைத்துப் போடாத கணக்கில்லை. கடைசி சீசனில் தெரிந்தது, தீவின் காவலன் ஜேக்கப் தன் வாரிசாகப் பரிசீலித்தவர்களுக்குக் கொடுத்த எண்களாம். சமன்பாட்டுக்கு உட்கார்ந்தவர்களுக்கு ஏமாற்றம்தான். சில கேள்விகள் வெறும் குறும்புக்கென்றே இருக்கும். டார்க்கில் போலீஸ்காரர் வோலரின் கண்ணுக்கு என்ன ஆயிற்று என்பது மூன்று சீசனாகச் சொல்லப்படவில்லை; கடைசி எபிசோடில் அவர் வாயைத் திறக்கும்போது கரண்ட் போய்விடுகிறது. நம்மூர் மின்வாரியம் விண்டனிலும் கிளை வைத்திருக்கிறது போல.

கடைசி எபிசோட் முடிந்ததும் நோட்டை எடுத்து எது தேறியது, எது தேறவில்லை என்று குறியுங்கள். குறிப்பதற்கு முன், திரையில் வந்ததை வைத்தது யார் என்று பாருங்கள். 2010 மே மாதம் லாஸ்ட் முடிந்தபோது, பெயர்கள் ஓடும் நேரத்தில் ஆளில்லாத கடற்கரையில் விமானச் சிதைவுகள் மட்டும் கிடந்தன. ஆவியுலகக் கட்சிக்காரர்கள் "பார்த்தீங்களா, யாருமே பிழைக்கலை" என்று கொண்டாடிவிட்டார்கள். அந்தப் படங்களைச் சேர்த்தது சேனல். கதை முடிந்ததும் மனசு கொஞ்சம் ஆற வேண்டுமே என்பதற்காக. எழுதியவர்கள் சொன்னது அதற்கு முந்தைய காட்சியில் இருக்கிறது. ஜாக்கின் அப்பாவே மகனிடம், நடந்ததெல்லாம் நிஜம் என்கிறார். ஆவியுலகம் என்பது கடைசி சீசனில் வந்த அந்த இணைக் கதை மட்டும்தான். இதைத் தம்பியிடம் சொன்னால், "அப்ப பாதி நாஞ் சொன்னது சரிதானக்கா?" என்கிறான். அவன் நோட்டு போட்டதே இல்லை, எந்தப் பாதி என்று கேட்டேன்.