மீட்டரை நம்பி மெஷின் வாங்காதீர்கள்

நேற்று, புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையனைக் கூட்டிக்கொண்டு சென்னை பள்ளிக்கரணையில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். புது வீடு, தண்ணீரைச் சுத்திகரிக்கும் மெஷின் போட வேண்டும். நான் தரைக்கடித் தொட்டியான சம்பின் மூடியைத் திறந்து உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். சமையலறையில் அவன், கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை டம்ளரில் முக்கி, "210தான்மா, உங்க தண்ணி ரொம்ப சுத்தம்" என்று சொல்வது காதில் விழுந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 18 வருடங்களுக்கு முன்னால், கிட்டத்தட்ட அதே வார்த்தையை நானும் ஒரு வீட்டில் சொன்னேன்.

கேண்டிலைக் கழுவுங்கள், டேங்கைக் கழுவுங்கள், சர்வீஸைத் தள்ளிப் போடாதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவற்றை விட்டுவிடுகிறேன். குடிநீர் விஷயத்தில் வீடுகளில் நடக்கும் மற்றத் தவறுகளை மட்டும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

டி.டி.எஸ். எண்ணைப் பார்த்து முடிவு செய்வது

அந்த மீட்டர் என்ன செய்கிறது என்று முதலில் புரிந்துகொள்ளுங்கள். தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு சுலபமாக ஓடுகிறது என்று பார்க்கிறது. அதை ஒரு எண்ணால் பெருக்கி, லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டுகிறது. அவ்வளவுதான். சுண்ணாம்புச் சத்து, மெக்னீசியம், சாதா உப்பு எல்லாம் சேர்ந்த மொத்தக் கணக்கு அது. கிருமி அதில் வராது. 200 லிட்டர் டிரம் நிறைய நல்ல தண்ணீர் வைத்து, அதில் ஒரு சொம்பு சாக்கடைத் தண்ணீரை ஊற்றினால் எண் இரண்டு மூன்று ஏறலாம், ஏறாமலும் போகலாம். ஆனால் அந்தத் தண்ணீரைக் குடிக்க முடியுமா?

ஈயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500, லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்கிறது. அதைப் போல நூறு மடங்கு இருந்தாலும் 1 மில்லிகிராம்தான். உங்கள் மீட்டரில் 210 என்பது 211 ஆகும். யார் கண்ணில் படப்போகிறது? நைட்ரேட்டும் அப்படித்தான். அதன் வரம்பு 45 மில்லிகிராம். 400 டி.டி.எஸ். உள்ள போர் தண்ணீரில் நைட்ரேட் 100 இருந்தாலும் மீட்டர் 400 என்றுதான் சொல்லும், அதற்குள் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது.

18 வருடங்களுக்கு முன்னால் நான் அப்படிச் சொன்ன மடிப்பாக்கம் வீட்டுக்கு வருகிறேன். அப்போது நான் தொழிலுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அந்த வீட்டில் லாரி தண்ணீரைச் சம்பில் இறக்கி, அங்கிருந்து மாடி டேங்குக்கு ஏற்றுவார்கள். மீட்டரில் 190 காட்டியது. "மெஷினே வேண்டாம்மா, சும்மா ஒரு கார்பன் ஃபில்டர் போதும்" என்று சொல்லி, அதை மாட்டிவிட்டு வந்தேன். தேவையில்லாத செலவை மிச்சம் பிடித்துக் கொடுத்தேன் என்ற திருப்தி வேறு. ஐப்பசி மழை முடிந்த கையோடு அந்த அம்மா போன் செய்தார். இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே நேரத்தில் மஞ்சள் காமாலை. ஓடிப் போய்ப் பார்த்தால், சம்பிலிருந்து பத்தடி தூரத்தில் செப்டிக் டேங்க். சம்பின் உட்பூச்சில் நீளமாக ஒரு விரிசல். மழையில் நிலத்தடி நீர் மேலே வந்து, செப்டிக் டேங்க் கசிவும் சேர்ந்து அந்த விரிசல் வழியாக உள்ளே இறங்கியிருந்தது. மீட்டரை விட்டுப் பார்த்தேன், 200-ஐத் தாண்டவில்லை. கிருமி சோதனைக் குப்பியில் அதே தண்ணீரைப் பிடித்து வைத்தேன், மறுநாள் காலை மையாகக் கறுத்திருந்தது.

"நீதானேப்பா நல்ல தண்ணின்னு சொன்ன?" என்று அந்த அம்மா கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. பிள்ளைகள் இருவரும் தேறிவிட்டார்கள். ஆனால் நான் மாட்டிய கார்பன் ஃபில்டர், அந்த லாரி தண்ணீரில் கொஞ்சநஞ்சம் இருந்த குளோரினையும் எடுத்துவிட்டுத்தான் தண்ணீரைக் கொடுத்துக்கொண்டிருந்தது என்பது பின்னால்தான் எனக்குப் புரிந்தது.

இன்னமும் எனக்கு ஆத்திரம் வருவது இதே மீட்டரை வைத்துச் செய்யும் வியாபாரத்தைப் பார்த்தால்தான். வாசலில் வந்து நிற்பார்கள். இரண்டு டம்ளர், ஒன்றில் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் ஆர்.ஓ. மெஷினில் உப்பை எடுத்த தண்ணீர். நான்கு கம்பி உள்ள ஒரு கருவியை உள்ளே விட்டுக் கரண்ட் கொடுப்பார்கள். குழாய்த் தண்ணீர் பச்சையும் பழுப்புமாகக் குழம்பும், ஆர்.ஓ. தண்ணீர் தெளிவாக நிற்கும். "பாருங்க, இதைத்தான் குடிக்கிறீங்க" என்பார்கள். அந்தக் குழம்பு தண்ணீரில் இருந்த அழுக்கே இல்லை, கருவியின் இரும்புக் கம்பி கரைந்து வரும் துரு. உப்பு இருந்தால் கரண்ட் பாயும், கம்பி கரையும். உப்பு இல்லாத ஆர்.ஓ. தண்ணீரில் கரண்ட் பாயாது, அதனால் கம்பியும் கரையாது. அடுத்த தடவை யாராவது இப்படி வந்தால், அந்த ஆர்.ஓ. டம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு மறுபடி செய்யச் சொல்லுங்கள். அதுவும் குழம்பும்.

சரி, வேறு என்ன செய்வது? கடையில் அந்தக் கிருமி சோதனைக் குப்பியை வாங்கி, தண்ணீரைப் பிடித்து, ஒன்றிரண்டு நாள் வையுங்கள். கறுத்தால் மலக்கழிவு கலந்திருக்கலாம் என்று அர்த்தம், உடனே சம்பையும் குழாயையும் பாருங்கள். குளோரின் பார்க்கும் சொட்டு மருந்தும் கிடைக்கிறது, மஞ்சள் நிறம் வந்தால் குளோரின் இருக்கிறது. குழாய் முனையில் குறைந்தது 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும். போர் தண்ணீரைக் குடிப்பவர்கள், ஒரு தடவையாவது குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்து ஃப்ளோரைடு, நைட்ரேட், இரும்பு, கடினத்தன்மை எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். மெஷினைப் பற்றிப் பேசுவது அதற்கு அப்புறம்தான். புழலிலும் செம்பரம்பாக்கத்திலும் சுத்திகரித்துக் குளோரின் போட்டுத்தான் அனுப்புகிறார்கள். அங்கிருந்து உங்கள் டம்ளர் வரைக்கும் வரும் வழியில்தான் பெரும்பாலான வம்பு. வீட்டில் ஃபில்டர் வேண்டும் என்று நான் சொல்வதும் அதனால்தான்.

எல்லா வீட்டுக்கும் ஆர்.ஓ.

அதே ஐ.எஸ். 10500 தரத்தில் டி.டி.எஸ். 500 வரை நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். 500-க்குக் கீழே இருக்கும் இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்யச் சொல்லி 2019-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமே உத்தரவு போட்டது. வீட்டு மெஷின்கள் ஒரு லிட்டர் கொடுக்க மூன்று லிட்டர் வரை வெளியே தள்ளுகின்றன. தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்ற ஊரில் இது வேண்டாத வேலை. சென்னைக் குடிநீர் வாரியத்தின் மெட்ரோ தண்ணீர் மட்டும் வரும் வீட்டுக்கு, ஆய்வில் வேறு கோளாறு இல்லையென்றால், மண் பிடிக்கும் ஃபில்டர், கார்பன், கடைசியில் கிருமியைக் கொல்லும் யு.வி. விளக்கு இருந்தால் போதும். யு.வி.க்குத் தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும், கலங்கலில் கிருமி ஒளிந்துகொள்ளும். வருடம் ஒரு முறை விளக்கையும் மாற்றுங்கள். எரிகிறதே என்று விடாதீர்கள், நீல வெளிச்சம் தெரியும், கிருமியைக் கொல்லும் சக்தி குறைந்திருக்கும்.

போர் தண்ணீர் 1,500 என்றால் ஆர்.ஓ. வேண்டியதுதான், அதில் எனக்கு இரண்டாவது பேச்சு இல்லை.

அட்ஜஸ்டரைத் திருகுவது

"தண்ணி சப்புனு இருக்கு" என்று சொன்னதும் மெக்கானிக் ஒரு திருகைத் திறந்துவிடுவார், ருசி வந்துவிடும். ஆர்.ஓ.வில் உப்பைப் பிரிக்கும் சவ்வான மெம்பிரேனுக்குள் போகாத தண்ணீரை அவர் கலந்துவிட்டார் என்று பொருள். போரில் ஃப்ளோரைடோ நைட்ரேட்டோ இருந்தால் அதுவும் கூடவே வரும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் போர் தண்ணீர் குடிக்கும் வீடுகளில் அந்தத் திருகைத் தொடவே கூடாது.

மெம்பிரேனை மட்டும் மாற்றுவது

குளோரின் பட்டால் மெம்பிரேன் கெடும். அதைத் தடுக்கத்தான் முன்னால் கார்பன் இருக்கிறது. செத்துப்போன கார்பனை அப்படியே வைத்துவிட்டுப் புது மெம்பிரேன் போட்டால் சில மாதங்களில் அதுவும் போய்விடும். இரண்டு தடவை மெம்பிரேன் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். கார்பன் விலை அதில் கால்வாசிகூட வராது.

தெருக் குழாயில் நேரடியாக மோட்டார் போடுவது

வேண்டாம். தண்ணீர் வராத நேரத்தில் அது பக்கத்துச் சாக்கடையையும் சேர்த்து உறிஞ்சும்.

கொதிக்க வைத்தால் எல்லாம் போய்விடும் என்பது

கிருமி சாகும். உப்பும் ஃப்ளோரைடும் நைட்ரேட்டும் போகாது, வற்ற வற்ற அடர்த்திதான் ஏறும்.

ஊருக்குப் போய்விட்டு வந்து அப்படியே குடிப்பது

மெஷின் டேங்கில் பத்து நாள் கிடந்த தண்ணீரில் குளோரின் துளியும் கிடையாது. முழுவதும் திறந்துவிட்டு, மறுபடி நிரப்பி, அதையும் ஒரு தடவை கொட்டிவிட்டுக் குடியுங்கள்.

ஆர்.ஓ. வெளியே தள்ளும் ரிஜெக்ட் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுவது

1,500 டி.டி.எஸ். உள்ளே போனால் வெளியே வருவது 2,000 அளவில் இருக்கும். ஆறு மாதம் ஊற்றினால் தொட்டி மண்ணின் மேல் வெள்ளையாக உப்புப் பூக்கும், மல்லிகை இலை ஓரம் கருகும். பள்ளிக்கரணை வீட்டு அம்மாவும் இதைத்தான் கேட்டார்கள். பின்கட்டில் ஒரு டிரம் வைத்து அதில் பிடித்து, கழிவறைக்கும் தரை துடைக்கவும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். மெஷின் இன்னும் போடவில்லை. குப்பியில் தண்ணீர் பிடித்து ஜன்னலோரம் வைத்துவிட்டு வந்திருக்கிறோம், நாளைக் காலையில் பையன் போய்ப் பார்த்துச் சொல்வான்.