இங்கிலாந்துப் பள்ளிப் படிப்பில் நம் பெற்றோர் சறுக்கும் இடங்கள்

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடியட்டும் என்று காத்திருந்து, அப்புறம் பிள்ளையை இங்கிலாந்துக்கு அழைத்துப் போகிற குடும்பங்கள் நிறைய. நம் ஊர்க் கணக்குக்கு அது சரி. அந்த ஊர்க் கணக்குக்கு அதைவிட மோசமான நேரம் கிடையாது.

அங்கே அரசுப் பள்ளியில் சேர்க்கும்போது பிள்ளை எந்த வகுப்பு முடித்தது என்பதைவிட வயதைத்தான் பார்ப்பார்கள். செப்டம்பர் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை பிறந்தவர்கள் ஒரே வகுப்பு. 2009 நவம்பரில் பிறந்த பெண் 2025 ஏப்ரலில் பத்தாவது எழுதிவிட்டுப் போனால், செப்டம்பரில் அவளுக்குரிய இடம் இயர் 11, அதாவது அந்த ஊர்ப் பதினோராம் வகுப்பு. ஜிசிஎஸ்இ என்பது இயர் 10, 11 இரண்டிலும் படித்துவிட்டு மே, ஜூனில் எழுதும் பொதுத்தேர்வு. அவள் போய்ச் சேரும்போது வகுப்பில் பாதிப் பாடம் ஓடியிருக்கும். கணிதத்தைச் சமாளித்துவிடுவாள். மாட்டிக்கொள்வது ஆங்கில இலக்கியத்தில். ஷேக்ஸ்பியர் நாடகம், 19ஆம் நூற்றாண்டு நாவல், ஒரு கவிதைத் தொகுப்பு என்று எதையும் தேர்வு அறைக்குள் கொண்டுபோக முடியாது; மேற்கோள்கள் நினைவில் இருக்க வேண்டும். முடிந்தால் இயர் 10 தொடங்குமுன் போய்விடுங்கள். இல்லையென்றால், பத்தாவது மதிப்பெண் பட்டியலோடு நேராக இயர் 12-இல் சேர வழி உண்டா என்று அந்தந்தச் சிக்ஸ்த் ஃபார்மிடம் (இயர் 12, 13 நடத்தும் மேல்நிலைப் பிரிவு) முன்கூட்டியே கேளுங்கள். முடிவு அவர்கள் கையில்.

அடுத்தது, பலர் கவனிக்காமலே விடும் இடம். கணிதத்தில் ஃபவுண்டேஷன், ஹையர் என்று இரண்டு விதமான வினாத்தாள்கள். மதிப்பெண் தரம் 9 முதல் 1 வரை, 9 உச்சம். ஃபவுண்டேஷன் எழுதினால் எல்லாக் கேள்விக்கும் சரியாக விடையளித்தாலும் 5-க்கு மேல் கிடைக்காது. இயர் 12, 13-இல் படிக்கும் ஏ லெவலில் கணிதம் எடுக்கப் பல பள்ளிகள் 6, 7 கேட்கின்றன. பெற்றோர் சந்திப்பில் ஆசிரியர், ‘நன்றாகப் படிக்கிறான், ஃபவுண்டேஷனில் வசதியாக இருக்கிறான்’ என்று சிரித்தபடி சொன்னால் மகிழ்ந்துவிடாதீர்கள். அந்த ஊர் ஆசிரியர்கள் கெட்ட செய்தியை இதமாகச் சொல்வார்கள். ‘ஹையருக்கு மாற என்ன செய்ய வேண்டும்?’ என்று இயர் 10-லேயே கேட்டுவிடுங்கள். தேர்வுக்குப் பெயர் பதிவான பிறகு கேட்டுப் பெரிய பயன் இருக்காது.

9 என்றால் 90 சதவீதம் என்று நினைப்பதும் தவறு. ஒவ்வொரு தரத்துக்குமான எல்லைக் கோடு ஆண்டுதோறும் விடைத்தாள் திருத்திய பிறகே போடப்படும். ஹையர் கணிதத்தில் கால்வாசி மதிப்பெண்கூட இல்லாமல் 4 கிடைத்த ஆண்டுகள் உண்டு. ஆனால் அந்த 4 முக்கியம்: கணிதம், ஆங்கிலம் இரண்டில் எதில் அது வராவிட்டாலும் 16 வயதுக்குப் பிறகும் அதைத் தொடர்ந்து படித்தாக வேண்டும்.

ஏ லெவலுக்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் ஏ/எல் எழுதியவர்கள் உயிரியல் பிரிவு, வணிகப் பிரிவு என்று யோசிப்பார்கள். இங்கிலாந்தில் பிரிவே இல்லை. பெரும்பாலும் மூன்று பாடம், எதை வேண்டுமானாலும் சேர்க்கலாம். ஆபத்தும் அங்கேதான். மருத்துவத்துக்குப் பெரும்பாலான கல்லூரிகள் வேதியியல் கேட்கும். கேம்பிரிட்ஜில் பொருளாதாரம் படிக்கப் பொருளாதாரப் பாடம் கட்டாயமில்லை, கணிதம் கட்டாயம். நான்கு பாடம் எடுத்தால் மதிப்பு கூடும் என்று நம்மவர்கள் பிள்ளையைப் பிழிவார்கள். பல்கலைக்கழகங்கள் பொதுவாகக் கேட்பது மூன்றுதான். கணிதத்தோடு மேற்கணிதமும் எடுப்பவர்களைத் தவிர மற்றவர்களுக்கு நான்காவது வீண் சுமை என்பது என் கருத்து.

அதைவிடப் பெரிய தவறு, இயர் 12-ஐ நம் பிளஸ் ஒன் போல நடத்துவது. தேர்வு இயர் 13 முடிவில்தானே என்று ஒரு வருடம் ஓட்டிவிடுவார்கள். ஆனால் பல்கலைக்கழக விண்ணப்பம் இயர் 13-இன் தொடக்கத்திலேயே போய்விடுகிறது. மருத்துவம், ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் மூன்றுக்கும் அக்டோபர் 15 கடைசி. அதில் ஆசிரியர் எழுதும் எதிர்பார்ப்பு மதிப்பெண், பெரும்பாலும் இயர் 12 தேர்வுகளைப் பார்த்து எழுதியது.

நுழைவுத்தேர்வு வைத்துப் பிள்ளைகளைச் சேர்க்கும் அரசுப் பள்ளியான கிராமர் பள்ளிக் கனவு இருந்தால், நுழைவுத்தேர்வு இயர் 6 தொடங்கிய கையோடு செப்டம்பரில் வரும். பதிவு பெரும்பாலும் அதற்கு முந்தைய கோடையிலேயே முடிந்துவிடும். தேறியதும் இடம் கிடைத்துவிட்டதாக எண்ணி அக்டோபர் 31-க்குள் உள்ளாட்சி கவுன்சிலின் பள்ளிச் சேர்க்கைப் படிவத்தை அனுப்பாமல் இருந்துவிடாதீர்கள். படிவத்தில் ஒரே பள்ளியை மட்டும் எழுதினால் வேறு வழியின்றித் தந்துவிடுவார்கள் என்பது வெறும் வதந்தி. அது கிடைக்காவிட்டால், மற்றவர்கள் வேண்டாமென்ற பள்ளிதான் வரும்.

இதெல்லாம் இங்கிலாந்துக்கு. ஸ்காட்லாந்தில் ஜிசிஎஸ்இ, ஏ லெவலுக்குப் பதில் நேஷனல் 5, ஹையர்ஸ் என்ற தேர்வுகள். ஹையர்ஸ் வழக்கமாக 17 வயதிலேயே எழுதப்படும், அங்கே ஹானர்ஸ் பட்டப்படிப்பு நான்கு ஆண்டு. வேல்ஸ் ஜிசிஎஸ்இயில் இன்னும் எண்ணுக்குப் பதில் A, B போன்ற எழுத்துத் தரம்தான். வட அயர்லாந்தில் வகுப்பு எண் ஒன்று கூடுதல். ஜிசிஎஸ்இ எழுதுவது இயர் 12-இல். பெல்ஃபாஸ்ட்டிலிருந்து லண்டனுக்கு மாறுகிறீர்கள் என்றால், பள்ளியிடம் இயர் எண்ணைச் சொல்லாமல் பிறந்த தேதியைச் சொல்லுங்கள்.